ஏரியின் நிதானம்

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பைன் காட்டுக்குள், ஏரிக்கரையில், காலை ஏழரை மணிக்கு அப்படி ஒரு சத்தத்தை அந்த மனிதர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அண்ணி சிரித்துக்கொண்டே "பருப்பு" என்று ஒரே வார்த்தையில் விளக்கம் சொன்னார். புரிந்ததோ இல்லையோ, தலை உள்ளே போய்விட்டது.

கேம்பிங்குக்குக் குக்கர் எதற்கு என்று கிளம்பும்போது நானும் கேலி செய்தவன்தான். கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் டாஹோ ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்துக்கு 1,897 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மேலிருந்து அழுத்தும் பாரம் குறைந்துவிடுவதால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவி போகுமே தவிரச் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் மதியச் சாப்பாடு மாலைக்குப் போய்விடும். குக்கரோ மூடிக்குள்ளே தனக்கென்று ஓர் அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த உயரத்திலும் உள்ளே 115 டிகிரியைத் தாண்டிவிடும். அண்ணி இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கொண்டுவரவில்லை. போன வருஷம் பருப்பு வேகவில்லை, இந்த வருஷம் குக்கர் வந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் குடும்பம் சான் ஹோசேயில் இருக்கிறது. அங்கிருந்து டாஹோவுக்குக் காரில் நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்கக் கூடாது. நாங்கள் தங்கியது ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் டி. எல். பிளிஸ் மாநிலப் பூங்காவில். டுவேன் பிளிஸ் 19ஆம் நூற்றாண்டின் மரத் தொழில் முதலாளி. வர்ஜீனியா சிட்டியின் வெள்ளிச் சுரங்கங்கள் சரிந்துவிடாமல் முட்டுக்கொடுக்க இந்த ஏரியைச் சுற்றியிருந்த காடுதான் வெட்டி அனுப்பப்பட்டது. அவருடைய குடும்பம் 1929இல் நிலத்தைக் கொடையாகக் கொடுக்க, காட்டை வெட்டியவர் பெயரிலேயே ஒரு காட்டுப் பூங்கா அமைந்துவிட்டது. ஏரியின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பல ஆயிரம் ஆண்டுகளாகக் கோடைதோறும் இங்கே வந்து தங்கிய வாஷோ மக்களின் மொழியில் ஏரி என்பதற்கான சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் 'டாஹோ' ஆனது. ஆகவே டாஹோ ஏரி என்றால் 'ஏரி ஏரி'.

இந்தப் பூங்காவுக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஆறு மாதம் முன்னாலேயே இணையத்தில் காத்திருந்து இடம் பிடித்துக் கூடாரம் அடிப்பவர்கள் ஒரு வகை. காலையில் வந்து, பார்க்கிங் கிடைத்தால் குளித்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பிவிடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை; ஆனால் ஏரி தன் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் அவர்கள் வருவதற்கு முன்பும் போன பிறகும்தான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கரைக்கு இறங்கினேன். ஆகஸ்ட் மாதக் கடைசி. காற்றின் வெப்பம் ஆறு டிகிரி இருந்திருக்கும். இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் பல் தந்தியடித்தது. ஏரியின் மேல் ஓர் அசைவு இல்லை. எதிர்க்கரை மலை தலைகீழாக அப்படியே தண்ணீருக்குள் நின்றது. நீரின் மேல் முழங்கால் உயரத்துக்கு மெல்லிய ஆவி, அடுப்பில் வைத்த வெந்நீரில் எழுமே, அதுபோல. கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெதுவெதுப்பு என்பது என் கைக்கு. தெர்மாமீட்டருக்கு அது 18, 19 டிகிரிதான். அன்று மதியம் அண்ணன் மகள் இதே தண்ணீரில் கால் வைத்துவிட்டு "ஐயோ சித்தப்பா, ஐஸ்!" என்று அலறினாள். காலைக்கும் மதியத்துக்கும் இடையே தண்ணீர் ஒரு டிகிரிகூட மாறியிருக்காது. மாறியது எங்களைச் சுற்றியிருந்த காற்றும் மணலும்தான்.

இந்த ஏரியின் கதை முழுக்க இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது. தண்ணீர் நிதானமானது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தை ஒரு கிலோ காய்ந்த மணலுக்குக் கொடுத்தால் அது ஐந்து டிகிரி ஏறிவிடும். போதாததற்கு, மணலில் வெயில் மேலே விரற்கடை ஆழத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்குள் பல மீட்டர் இறங்குகிறது. அலை வேறு அதைக் கலக்கிவிடுகிறது. வந்த வெப்பத்தை மணல் மேல்தோலில் மட்டும் வைத்துக்கொண்டு துடிக்கிறது. ஏரி ஆழத்துக்குப் பங்கிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. இரவில் மணல் கையிலிருந்ததை எல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு விடியலில் பனிக்கட்டியாகக் கிடக்கும். ஏரியில் நேற்றைய மதியம் அப்படியே மிச்சமிருக்கும். காலையில் எழும் ஆவி அந்த மிச்சம்தான்.

பத்து மணி வாக்கில் கரையோரம் சிலுசிலுவென்று ஒரு காற்று ஏரியிலிருந்து நிலத்தை நோக்கி வந்தது. வெயிலில் சூடான கரையின் மேல் காற்று லேசாகி எழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நம் ஊர்க் கடற்காற்று வீசுவதும் இப்படித்தான். இங்கே கடலுக்குப் பதில் ஏரி. மதியத்துக்குப் பிறகு வந்தது வேறு காற்று. மலைக்கு அந்தப் பக்கம் நெவாடாவின் பாலைநிலம் வெந்து கிடக்கிறது. அது மேற்கிலிருந்து மலைமுகட்டைத் தாண்டிக் காற்றை இழுக்கிறது. கூடவே மேலே வேகமாக ஓடும் காற்றையும், சூடேறிய காற்றின் கொந்தளிப்பு கீழே இறக்கிவிடுகிறது. இரண்டு மணிக்கெல்லாம் ஏரிக் கண்ணாடி உடைந்தது. வெள்ளை நுரை தலைகாட்டும் அலைகள். காலையில் ஒரு குழந்தைகூடத் துடுப்புப் போட்டிருக்கக்கூடிய இடத்தில், வாடகைக் கயாக்கில் போன ஒரு ஜோடி கரைக்குத் திரும்ப முடியாமல் ஒரே இடத்தில் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தது. பகலில் வந்து பகலில் திரும்புகிறவர்கள் டாஹோவைப் பார்ப்பது பெரும்பாலும் அதன் கோபமான பொழுதில்.

அந்தக் காற்று இன்னொரு காரியமும் செய்யும். தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும்போது மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீரை எதிர்க்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். பால் ஆடையை ஒரு பக்கமாக ஊதித் தள்ளினால் அடியிலிருக்கும் பால் தெரிகிற மாதிரி, மேற்குக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்று குளித்த அதே இடம், அதே வெயில், ஆனால் தண்ணீர் பல டிகிரி குறைந்திருக்கும். காற்று நின்ற பிறகும், சாய்த்து வைத்த தாம்பாளத்து நீர்போல, ஏரியின் உள்ளடுக்குகள் நாள்கணக்கில் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆபத்தும் இங்கேதான். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் நீருக்கு அடியில் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது. அதைத் தாண்டினாலும், காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், கையும் காலும் சீக்கிரமே சொன்னபடி கேட்காமல் போகும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக் தருவதில்லை. ஆனால் அதை முதுகுக்குத் தலையணையாக வைத்துக்கொண்டு போனவர்களை அன்றைக்கு மட்டும் நான்கு பேரை எண்ணினேன்.

டாஹோவின் அதிகபட்ச ஆழம் 501 மீட்டர். அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஒன்றுதான், ஆரிகனின் கிரேட்டர் ஏரி. நீளம் 35 கிலோமீட்டர், அகலம் 19. நிலம் பிளந்து நடுவே இறங்கிய பள்ளம் என்பதால் சில இடங்களில் கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் அடி தெரியாது. எங்கள் பூங்காவின் ரூபிகன் முனையில் நின்று கீழே பார்த்தால் பாறைகள் பச்சையாக, பிறகு நீலமாக, பிறகு மையாக மாறிச் செங்குத்தாக இறங்கிப் போவது தெரியும்.

1873இல் ஜான் லெகோன்ட் என்ற இயற்பியலாளர் படகில் போய் இந்த ஏரிக்குள் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மேலே கோடை. ஆழத்தில் 4 டிகிரியை ஒட்டி இருந்தது. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்கு மேலே சூடானாலும் லேசாகும், கீழே குளிர்ந்தாலும் லேசாகும். ஆகவே கனத்த நீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஏரி உறைய வேண்டுமானால் முதலில் மேற்பரப்பு குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கி, அடியிலிருப்பது மேலே வந்து, அதுவும் குளிர்ந்து, இப்படி ஏரியே 4 டிகிரிக்கு வந்துசேர வேண்டும். அப்புறம்தான் மேலே பனித்தோல் படரும். டாஹோவின் சராசரி ஆழமே 300 மீட்டர். அத்தனை நீரின் வெப்பத்தையும் கறப்பதற்குள் குளிர்காலம் முடிந்துவிடுகிறது. சுற்றிலும் ஆளுயரப் பனி, பனிச்சறுக்கு ஊர்கள். நடுவே ஏரி நீலமாகத் திறந்து கிடக்கும். சில வருஷங்களில்தான் குளிர்காலக் கலக்கம் அடிமட்டம் வரை எட்டி அங்கே புது ஆக்ஸிஜனைக் கொண்டு சேர்க்கிறது.

லெகோன்ட் தெர்மாமீட்டரோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, கண்ணுக்கு மறையும் இடத்தை அளந்தார். 33 மீட்டர். பத்து மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருவில் கிடக்கும் தட்டு தெரிவதுபோல. இந்த வித்தையை முறையாகத் தொடங்கியவர் ஏஞ்சலோ செக்கி என்ற பாதிரியார். வானியலாளரான அவர் 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஏரி ஆராய்ச்சிக்காரர்கள் 'செக்கி தட்டு' என்ற பெயரில் அதையே இறக்குகிறார்கள். கருவி என்று சொல்ல வெட்கப்படும் அளவுக்கு எளியது. அதனால்தான் 150 ஆண்டு பழைய அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

டாஹோவில் இதை இடைவிடாத பதிவாக்கியவர் டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கோல்ட்மன். 1968இல் தொடங்கிய அந்தப் பதிவில் முதல் ஆண்டின் சராசரி 31 மீட்டர். இப்போது 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. அரை நூற்றாண்டில் ஏரி பதினோரு மீட்டர் கண் மங்கியிருக்கிறது.

காரணம் சாக்கடை என்று நினைப்போம். இல்லை. இந்த ஏரிப் பள்ளத்தாக்கில் பிறக்கும் கழிவுநீரை, எங்கள் முகாமின் கழிப்பறை உட்பட, பல பத்தாண்டுகளாக மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். கண்ணை மறைப்பது இரண்டு பொருள்கள். ஒன்று, நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொடுத்து வளர்க்கப்படும் நுண்பாசி. மற்றது, வெறும் தூசி. சாலையில் டயர் அரைக்கும் மண், குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவும் மணல், வீட்டு முற்றத்துப் புழுதி. மழை வந்தால் ஓடைகளில் கலந்து வருகிறது.

தூசிதானே, அடியில் படிந்துவிடாதா? படியும். ஆனால் எப்போது? ஒரு மைக்ரான் அளவுள்ள களிமண் துகள் குளிர்ந்த நீரில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கணக்குப் போட்டால், நாளொன்றுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வருகிறது. சராசரி ஆழமான 300 மீட்டரைக் கடக்கப் பதினாறு ஆண்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் சீக்கிரம் இறங்கும். கலக்கம் வந்தால் மறுபடி மேலே ஏறும். பெரிய மணலைப் பற்றிக் கவலையே இல்லை, விழுந்த அன்றே அடிக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் வருஷக்கணக்கில் தண்ணீரில் தொங்கிக்கொண்டு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

வெளியேறும் வழியும் குறுகல். 63 ஓடைகள் உள்ளே வருகின்றன; வெளியே போவது ட்ரக்கீ என்ற ஒரே ஆறு. அதுவும் கடலுக்குப் போகாமல் நெவாடா பாலையில் பிரமிட் ஏரியில் முடிகிறது. ஏரியில் இருக்கும் நீரையும் வெளியேறும் நீரையும் வகுத்துப் பார்த்தால், இன்று உள்ளே விழும் ஒரு துளி வெளியேறச் சராசரியாக 650 ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். இன்று ட்ரக்கீயில் இறங்கும் ஒரு துளி, கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு நூறு வருஷம் முன்பே ஏரிக்கு வந்ததாக இருக்கலாம்.

நிதானமான தண்ணீரிடம் அவசரமாக ஒரு காரியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1963க்கும் 1965க்கும் இடையே மீன்வளத் துறையினர் இந்த ஏரியில் மைசிஸ் என்ற சின்ன இறாலை விட்டார்கள். கட்டை விரல் அகலம் நீளம், கண்ணாடி உடம்பு. இதைத் தின்று டிரவுட் மீன்கள் கொழுக்கும், மீன்பிடிக்க வருபவர்கள் மகிழ்வார்கள் என்பது யோசனை. இறாலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பகலில் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் போய் ஒளிந்துகொள்ளும். இருட்டியதும் மேலே ஏறி வந்து மேயும். மீன்களோ கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை, பகலில்தான் சாப்பாடு. இருவரும் சந்திக்கவே இல்லை. அதற்கு மாறாக, நுண்பாசியைத் தின்று ஏரியைத் துடைத்துக்கொண்டிருந்த டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை இறால் தின்று தீர்த்தது. மீனுக்கு இருந்த சாப்பாடும் போயிற்று, ஏரிக்கு இருந்த துப்புரவுப் பணியாளும் போனான்.

அறுபது வருஷம் கழித்து எதிர்பாராத ஒன்று நடந்தது. 2021இன் இறுதியில் மைசிஸ் எண்ணிக்கை சரிந்தது. டாஃப்னியா திரும்பி வந்தது. 2022இன் கடைசி ஐந்து மாதங்களில் செக்கி தட்டு 24 மீட்டர் வரை தெரிந்தது. யாரும் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. பிறகு பழையபடி மங்கல் திரும்பிவிட்டது என்றாலும், ஏரியைத் துடைக்கும் துணி எது என்று எல்லாருக்கும் ஒரு முறை தெரிந்துபோனது. வெளியிலிருந்து வரும் ஒரு சின்ன உயிர் ஏரியை எப்படி மாற்றிவிடும் என்பதற்கு மைசிஸே சாட்சி. இன்றைக்கு டாஹோவில் மோட்டார் படகு இறக்க வேண்டுமென்றால் முதலில் பரிசோதனை. 2008 முதல் இது கட்டாயம். வேறு ஏரியில் ஓட்டிய படகின் அடியில் ஒட்டிக்கொண்டோ, வடியாத ஒரு கிண்ணம் நீரில் மிதந்தோ குவாகா என்ற வந்தேறிச் சிப்பியின் குஞ்சு ஒன்று வந்துவிட்டால் போதும். வரிசையில் நிற்கும் படகுக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அந்த வரிசை நியாயமாகவே பட்டது.

இருட்டியதும் பகல் கூட்டம் போய்விட்டது. இரும்பு வளையத்துக்குள் தீ மூட்டினோம். யார் எங்கே மாறி உட்கார்ந்தாலும் புகை அவரையே தேடி வந்தது. இது மூடநம்பிக்கை இல்லை. எரியும் தீ சுற்றிலுமிருந்து காற்றை உள்ளே இழுக்கிறது. ஆள் நிற்கும் பக்கம் அந்த வரத்து அடைபடுகிறது. காற்று வராத பக்கம் புகை சாய்கிறது. வட்டமாக எல்லாரும் சரிசமமாக உட்கார்ந்தால் நேரே மேலே போகும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பக்கம் மட்டும் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

டாஹோவில் கேம்பிங் தீயைப் பற்றிப் பேசினால் மார்க் ட்வெய்னைத் தவிர்க்க முடியாது. 1861இல் ஒரு நண்பரோடு இங்கே வந்து கரையில் தங்கிய அவர், இரவுச் சமையலுக்குத் தீ மூட்டிவிட்டு வாணலி எடுக்கப் படகுக்குப் போனார். திரும்புவதற்குள் தீ காட்டின் தரை முழுக்கப் பரவிவிட்டது. இருவரும் படகிலேயே உட்கார்ந்து மலை எரிவதைப் பார்த்தார்கள். 1872இல் வந்த 'ரஃபிங் இட்' என்ற புத்தகத்தில் அதைச் சுவையாகவே எழுதியிருக்கிறார். 2007 ஜூன் 24 அன்று ஏரிக்குத் தெற்கே அனுமதியில்லாத இடத்தில் யாரோ மூட்டிய முகாம் தீ அங்கோரா தீயாக மாறி 254 வீடுகளைத் தின்றது. அதில் சுவை ஒன்றுமில்லை.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்கிறோமே, அது வெறும் உவமை அல்ல. சாம்பல் மிக நல்ல வெப்பக் காப்பு. உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே கை வைத்தால் ஆறியதுபோல் இருக்கும். அதனால்தான் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே எழுந்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, அதே தண்ணீரைக் குழாய் நீர் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்த வெப்பத்தைப்போல் ஆறேழு மடங்கைக் கங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. விறகுத் தீயை அணைக்க இதைவிட நல்ல பொருள் சுலபமாகக் கிடைக்காது.

சாப்பாடு, சாம்பார்ப் பொடி, பற்பசை, குழந்தையின் சோப்பு எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போயின. கரடிக்கு மூக்கு எட்டும் தூரம் நமக்குக் கண் எட்டும் தூரத்தைவிட அதிகம். வாசனை உள்ள எதுவும் அதற்குச் சாப்பாடுதான். பெட்டியின் தாழ்ப்பாளைத் திறக்க விரலை வளைத்து உள்ளே விட வேண்டும். கரடியின் பாதம் அதற்குள் நுழையாது. எங்களுக்கும் குளிரில் விறைத்த விரலோடு திறப்பது சுலபமாக இல்லை.

பதினொரு மணிக்குக் கூடாரத்தில் படுத்திருந்தபோது ஒரு பெண்குரல் காதருகே பேசுவதுபோல் கேட்டது. அரை மைல் தள்ளி நங்கூரம் போட்ட படகிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. பகலில் அங்கிருந்து ஹாரன் அடித்தாலும் கேட்டிருக்காது. பகலில் தரையருகே சூடான காற்று, மேலே குளிர்ந்த காற்று. சூட்டில் ஒலி வேகமாகப் போவதால் ஒலி அலை மேல்நோக்கி வளைந்து ஆகாயத்தில் தொலைந்துபோகிறது. இரவில் அடுக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று கீழே படிய, ஒலி கீழ்நோக்கி வளைந்து, அசையாத நீரின் மேல் பட்டுத் தாவித் தாவி வந்து சேர்கிறது. ஏரிக்கரையில் இரவில் யாரைப் பற்றியும் பேசாதிருப்பது நல்லது.

அதே குளிர்காற்று கனமாகி மலைச்சரிவில் தண்ணீர்போல் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. காற்றடிக்காது என்று நாங்கள் ஒரு பள்ளமான இடத்தில் கூடாரம் அடித்திருந்தோம். நாலு மீட்டர் மேலே இருந்தவர்கள் எங்களைவிடச் சுகமாகத் தூங்கியிருப்பார்கள். விடியலில் கூடாரத்தின் உட்புறம் சொட்டியது. மழை பெய்யவில்லை. நாலு பேர் ஓர் இரவில் விட்ட மூச்சில் ஒரு சொம்புக்குக் குறையாத தண்ணீர் இருக்கும். தெளிந்த வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துச் சில்லிட்ட கூடாரத் துணியில் அது படிந்துவிட்டது. காற்றோட்டத்துக்கான ஜன்னலைக் குளிருக்குப் பயந்து மூடியது என் யோசனை.

கிளம்பும் நாள் காலையில் அண்ணன் மகளை ஒரு பெரிய மரத்தருகே கூட்டிக்கொண்டுபோய்ப் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைக்கச் சொன்னேன். "வெனிலா ஐஸ்கிரீம்!" என்றாள். ஜெஃப்ரி பைன். இதன் பிசினில் ஆவியாகும் பகுதியில் பெரும்பங்கு ஹெப்டேன் என்ற திரவம். மற்றப் பைன் என்று நினைத்து இதைக் காய்ச்சி டர்பன்டைன் எடுக்கப் போனவர்களுக்கு வெடித்திருக்கிறது. 1920களில் பெட்ரோலின் தரத்தை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டபோது, எஞ்சினில் மிக மோசமாக 'தட்டும்' எரிபொருளாக ஹெப்டேனைப் பூஜ்யத்தில் வைத்தார்கள். அதைச் சுத்தமாகக் கொடுத்தது இந்த மரம். பெட்ரோல் பங்கில் 87, 91 என்று பார்க்கிறோமே, அந்த ஆக்டேன் எண் இந்த மரத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. அவளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வழியில் இருந்த ஒவ்வொரு மரத்தையும் மோந்துகொண்டே காருக்கு வந்தாள்.

அதற்கு முன்பு பாத்திரம் தேய்க்கும்போது அண்ணி கேட்டிருந்தார்: "ஏரி இவ்ளோ பெருசு, ஒரு சொட்டு சோப்பு என்ன பண்ணிரும்?" 'இயற்கையில் மக்கும்' என்று லேபிளில் எழுதியிருக்கும் சோப்பும் மக்குவது மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களால்; தண்ணீரில் அது முதலில் நுரைக்கும், பிறகு பாசிக்கு உரமாகும். முகாமில் அதற்கென்றே தொட்டி இருக்கிறது. காட்டுக்குள் தங்குபவர்கள் கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்ற வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் ஆகஸ்டில் போங்கள், ஜூனில் தண்ணீர் இன்னும் குளிர். கயாக்கைக் காலை எட்டு மணிக்குள் இறக்கி, மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள், முதுகுக்கு வைக்காதீர்கள். பருப்புச் சாப்பிடுகிறவர்கள் குக்கரை மறக்க வேண்டாம்.